பாஹா டிரம்மில் ஒரு பிடி மஞ்சள்

பக்தி கொஞ்சம் கூடிப்போன ஆளுக்கு ஒரு வியாதி வரும். தன் சாமியைக் கும்பிட்டு முடித்த கையோடு, அடுத்தவர் சாமிக்கு ஏதாவது குறை இருக்கிறதா என்று பார்க்கக் கிளம்பிவிடுவான். எனக்கு அந்த வியாதி நன்றாக முற்றியிருந்தது. இப்போது குணம். குணப்படுத்தியது காளிகாட் அம்மாவும் இல்லை, எங்கள் சாத்தூர்ப் பக்கத்து மாரியம்மனும் இல்லை. ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்.

என் அப்பா ஹவுராவில் ஓர் இரும்புப் பட்டறைக்கு வேலைக்கு வந்தவர். அதே பட்டறையில் கடைசல் பிடித்து நானும் காலத்தைக் கழித்துவிட்டேன். படிப்பு எட்டாவது. (ஒன்பதாவதிலும் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தேன். வகுப்பில் காற்று நன்றாக வரும்.) பெஹாலாவில் ஒரு சின்ன மாடி வீடு. கீழே நான், மனைவி விசாலம், மகள் கயல். மாடியில் ஒற்றை அறை. அந்த அறைக்குத்தான் சோனாமணி வந்தாள்.

சோனாமணி, பாங்குரா பக்கத்துக் கிராமத்துச் சந்தால் பெண். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அறை பார்க்க வந்த அன்றே, என்னைச் சித்தப்பா முறை வைத்து, வங்காளியில் கேட்டாள்: "காகு, நாங்க சந்தால் பழங்குடி. இப்பவே சொல்லிடறேன். அப்புறம் தெரிஞ்சு காலி பண்ணச் சொல்ல மாட்டீங்களே?"

ஏற்கெனவே இரண்டு வீட்டில் அப்படிச் சொல்லியிருக்கிறார்களாம். நான் என்ன பதில் சொல்வது என்று யோசிப்பதற்குள் விசாலம் முந்திக்கொண்டாள். "நாங்க மத்ராஸிம்மா. நாப்பது வருஷமா இந்தத் தெருவில எங்களுக்கு அதான் பேரு. நீ மேல போய்ப் பாரு. குழாய் சொட்டும். வேற குறை கிடையாது."

வந்த ஆறாவது மாதம், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மொட்டை மாடி பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. சந்தாலி மொழிக்குத் தனி எழுத்து இருக்கிறது. நகரத்தில் பிறந்த சந்தால் பிள்ளைகளுக்கு அந்த எழுத்தைச் சோனாமணியும், செல்போன் பழுது பார்க்கிற சாகேன் என்கிற பையனும் சொல்லிக் கொடுப்பார்கள். கொத்து வேலைக்காரர் பிள்ளைகள், ஆஸ்பத்திரி ஆயாக்களின் பிள்ளைகள் என்று பதினைந்து பேர் வருவார்கள். பாடம் முடிந்ததும் சாகேன் மத்தளம் தட்டுவான். எங்கள் வீட்டுச் சிமெண்ட் உதிரும்.

ஒருநாள் சோனாமணி கயலிடம் கேட்டாள்: "இது எங்க எழுத்து. உங்க எழுத்தை எழுதிக் காட்டேன்."

கல்லூரியில் படிக்கிற என் மகள் வங்காளியில் கவிதையே எழுதுவாள். தமிழில் தன் பெயரை எழுத வராது. 'க' போட்டாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பதினைந்து சந்தால் பிள்ளைகளுக்குப் பின்னால், சுவரோரம் ஒரு சிலேட்டோடு என் மகளும் உட்கார்ந்தாள். சொல்லிக் கொடுத்தது விசாலம். என்னை விட அவள் இரண்டு வகுப்பு அதிகம்.

இவ்வளவு செய்த பிள்ளைகளுக்கு நான் என்ன செய்தேன் என்பதுதான் கதை.

பாஹா என்றால் சந்தாலியில் பூ. மாசி பங்குனியில் சால மரம் பூக்கும்போது அவர்கள் கொண்டாடுகிற திருவிழாவுக்கும் அதே பெயர். பூசாரி சாமிக்குப் பூ வைத்துப் பூசை முடிக்கிற வரைக்கும் அந்த வருஷத்துப் புதுப் பூவைப் பெண்கள் தலையில் வைக்க மாட்டார்கள். பூசை முடிந்ததும் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். அதுவும் எல்லாரும் எல்லார் மேலும் இல்லை. கேலி பேசுகிற முறை உள்ளவர்களுக்குள் மட்டும்.

ஊருக்குப் போக லீவு கிடைக்காத பிள்ளைகளுக்காக, பாஹாவை இங்கேயே நடத்த வேண்டும் என்பது சோனாமணியின் ஆசை. ஊர்ப் பூசாரி பிடி கொடுக்கவில்லை.

"டவுன்ல வச்சா அது தோல் பண்டிகை ஆயிடும்" என்றாராம். (ஹோலியை வங்காளத்தில் தோல் என்பார்கள்.) "எவனாவது கலர் கொண்டு வருவான். நம்ம பொண்ணுங்க மேல போடுவான். அப்புறம் யார் பஞ்சாயத்துப் பண்றது?"

அவர் கவலையில் நியாயம் இருந்தது. கல்யாணம் ஆகாத பெண் மேல் ஓர் ஆண் கலர் போட்டால், அவர்கள் சமூகத்தில் அது விளையாட்டுக் கணக்கில் சேராது. போட்டவன் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஊர்ச்சபை விதிக்கிற தண்டனையை ஏற்க வேண்டும். பெண்ணைக் காப்பாற்றப் போட்ட கட்டு.

மூன்று தடவை ஊருக்குப் போய்க் கெஞ்சிய சோனாமணி, கடைசியில் வாக்குக் கொடுத்தாள். "ஒரு சொட்டுக் கலர் விழாது. விழுந்தா, டவுன் பாஹான்னு இனிமே நான் வாயே திறக்க மாட்டேன்."

பூசாரி ஒத்துக்கொண்டார்.

அவள் இதையெல்லாம் எங்கள் சமையல்கட்டில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். நல்ல சட்டம், காலிப் பயல்களுக்கு வேண்டியதுதான் என்றும் சொன்னேன். விசாலம் அவள் தலையில் மல்லிகை வைக்கப் போனபோது, "பாஹா முடியட்டும் காக்கிமா, ரெண்டே நாள்" என்றாள். விசாலம் உடனே பூவைத் தட்டில் வைத்துவிட்டாள். என் மனைவி காதால் கேட்பவள். நான் பக்தியால் கேட்பவன்.

தெருக்கோடியில் குளத்தோரம் இருந்த காலி மனைக்கு, எங்கள் தெரு க்ளப் பையன்களிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தது நான்தான். அந்த மிதப்பில், "தண்ணி என் பொறுப்பு" என்றும் சொல்லிவிட்டேன்.

"சுத்தமான தண்ணியா இருக்கணும் காகு."

"அதைப் போய் என்கிட்ட சொல்றியா."

பாஹா அன்று விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. மாடிக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்த நீல டிரம் ஒன்று வீட்டில் இருந்தது. ஏழு தடவை கழுவினேன். மனையில் கொண்டுபோய் வைத்து, குழாய்க்கு ரப்பர் ஹோஸ் போட்டு நிரப்பினேன். நிரம்பிய தண்ணீரைப் பார்த்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை. வெறும் தண்ணீராக இருந்தது.

அவர்கள் சோலையில் குடியிருக்கிற தெய்வத்தை 'ஆயோ' என்று கும்பிடுகிறார்கள், ஆயோ என்றால் அம்மா என்று சோனாமணி சொல்லியிருந்தாள். அம்மா என்றால் அம்மன். அம்மன் என்றால் பங்குனிப் பொங்கல். பங்குனிப் பொங்கல் என்றால் மஞ்சள் நீராட்டு. என் மூளை இப்படி நான்கே படியில் மாடி ஏறிவிட்டது. இந்தப் பிள்ளைகள் பாவம், டவுனில் இருக்கிறார்கள், மஞ்சளுக்கு எங்கே போவார்கள்?

நீங்கள் கேட்கலாம், கலர் கூடாது என்று அவ்வளவு சொல்லியிருக்கிறாளே என்று. சத்தியமாகச் சொல்கிறேன், மஞ்சள் ஒரு கலர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கலர் என்பது கடையில் பாக்கெட்டில் விற்பது. மஞ்சள் என்பது மஞ்சள். சுத்தமான தண்ணீர் கேட்டாள், சுத்தம் பண்ணிக் கொடுக்கிறேன். அவ்வளவுதான் என் புத்தி.

வீட்டுக்குப் போய், ஊரிலிருந்து வந்த மஞ்சள்தூளில் ஒரு பிடி எடுத்து வந்து போட்டேன். (பட்டறைக்காரன் பிடி. கொஞ்சம் பெரிசு.) இரண்டு கொத்து வேப்பிலையும் கிள்ளிப் போட்டு, குச்சியால் கலக்கி, தூசி விழாமல் என் வேட்டியால் டிரம்மின் வாயை இறுக்கிக் கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியத்தைச் சொல்லிக் காட்டக் கூடாது, பாருங்கள்.

டிரம்மின் அடியில் கொஞ்சம் சுண்ணாம்பு பாறையாக ஒட்டியிருந்தது எனக்குத் தெரியாது. அது நான்கு மணி நேரம் நிதானமாக ஊறியது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆரத்தி கரைத்த வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

காலையில் பூசை அவ்வளவு அழகாக நடந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த சாலக் கிளைகளை நட்டு, சின்னதாகச் சோலை மாதிரி செய்திருந்தார்கள். பெண்கள் எல்லாரும் கட்டம் போட்ட கரை வைத்த வெள்ளைச் சேலை. ஒவ்வொருத்தியும் பூசாரியின் காலைக் கழுவி வணங்க, அவர் முந்தானையில் சாலப் பூவைப் போட்டார். விசாலமும் முந்தானையை ஏந்தினாள். அவளுக்கும் ஒரு கொத்து விழுந்தது. சாகேன் மத்தளம் வாசித்தான், பக்கத்தில் ஒரு பெரிய முரசு அதிர்ந்தது. பெண்கள் கை கோத்து ஆடினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிஷத்தில் நான் வீட்டுக்குப் போயிருந்தால் இன்றைக்கு ஒரு நல்ல மனுஷனாகவே இருந்திருப்பேன்.

"காகு, டிரம்மைத் திறங்க" என்று சிரித்துக்கொண்டே என் பக்கம் வந்தாள் சோனாமணி. திறந்து வைப்பதோடு என் வேலை முடிந்தது. அதுதான் அவள் கேட்டது.

நான் வேட்டியை அவிழ்க்கவில்லை. (டிரம்மில் கட்டியிருந்த வேட்டியைச் சொல்கிறேன்.) ஓரத்தை மட்டும் தூக்கி, மக்கை உள்ளே விட்டு முகந்தேன். கண்ணை மூடினேன். "தாயே" என்றேன். எங்கள் ஊர் வழக்கப்படி, உச்சந்தலையில், மனசார, ஒரு மக் முழுவதும் சோனாமணி மேல் ஊற்றினேன்.

கண்ணைத் திறந்தேன்.

வகிட்டிலிருந்து நெற்றி வழியாக, கன்னம் வழியாக, வெள்ளைச் சேலை முழுக்கச் சிவப்பு. குங்குமம் கரைத்துக் கொட்டிய மாதிரி. அவள் கையை விரித்துப் பார்த்தாள். தலையில் ஒரு வேப்பிலை ஒட்டியிருந்தது.

முதலில் பெரிய முரசு நின்றது. அப்புறம் மத்தளம். ஆடிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அந்த அமைதியில், எதிர்வீட்டு மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த, நாங்கள் மாசிமா என்று கூப்பிடுகிற வங்காளி அம்மா, பெண்ணின் வகிட்டில் சிவப்பு ஏறியதைக் கண்டு, கல்யாணச் சடங்கு நிறைவேறியது என்று நினைத்து, மூன்று தடவை சங்கு ஊதினார்.

பூசாரி எழுந்து நின்றார். அவரோடு ஊரிலிருந்து வந்த இரண்டு பெரியவர்களும் எழுந்தார்கள். சாலக் கிளைகளுக்குப் பக்கத்தில் பாய் விரிக்கப்பட்டது. அவர்கள் உட்கார்ந்தார்கள். நான் மக்கைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அவர்கள் முன்னால் நின்றேன். சந்தாலியில் நடந்த பேச்சைச் சாகேன் வங்காளியில் எனக்குச் சொன்னான். எப்போதும் சிரிக்கிற பையன், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

விசாலம் என் காதோரம் வந்தாள். "என்னங்க சொல்றாங்க?"

"கலர் போட்டவன் கட்டிக்கணும், இல்ல தண்டனையாம்."

"கட்டிக்கணுமா?"

"முறை அப்படி."

என் மனைவி தாழ்ந்த குரலில் பேசிப் பழகாதவள். "உங்களைக் கட்டிக்கிறது அந்தப் பிள்ளைக்குல்ல தண்டனை. அது என்ன தப்புப் பண்ணுச்சு?"

கயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. அம்மா என்ன சொன்னாள் என்று சாகேன் கேட்க, அவள் வங்காளியில் சொன்னாள். அவன் தயங்கித் தயங்கிச் சந்தாலியில் சொன்னான். வலது பக்கத்துப் பெரியவர் துண்டால் வாயை மூடிக்கொண்டார். பூசாரி மட்டும் சிரிக்கவில்லை.

"ஏன் போட்டே?" என்று என்னிடம் வங்காளியிலேயே கேட்டார்.

"ஐயா, வெறும் தண்ணியா இருந்துச்சு. எங்க ஊர்ல அம்மன் திருவிழான்னா மஞ்சள் தண்ணிதான். குறையா இருக்கேன்னு…"

"உங்க கோயிலுக்கு வந்து, குறையா இருக்குன்னு நாங்க எதையாவது கலந்தோமா?"

இல்லை என்று தலையாட்டினேன். ஐம்பது வருஷத்தில் எந்தச் சாமியார் சொன்னதும் என்னை இப்படிக் குத்தியதில்லை.

அதற்குள் சோனாமணி முன்னால் வந்தாள். எனக்காகப் பேசப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சேலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "ஒரு சொட்டு விழாதுன்னு நான்தான் சொன்னேன். விழுந்திடுச்சு. சொன்ன சொல்லைக் காப்பாத்தறேன். இனிமே டவுன்ல பாஹா கேக்க மாட்டேன்."

பின்னால் நின்ற பதினைந்து பிள்ளைகளில் ஒருத்தி விசும்ப ஆரம்பித்தாள். அவமானம் ஒரு பக்கம் கிடக்கட்டும். மூன்று தடவை ஊருக்கு நடந்து அவள் கட்டியதை, ஒரு பிடி மஞ்சளில் நான் கரைத்துவிட்டேன். அப்படியே அந்தச் சிவப்புச் சேற்றில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். "ஐயா, அவ சொல் தப்பல. நான்தான் தப்பு. எனக்கு என்ன வேணாலும் செய்ங்க, பாஹாவை நிறுத்தாதீங்க."

பூசாரி எழுந்து வந்தார். என்னைத் தாண்டிப் போனார். சோனாமணி தலையிலிருந்த வேப்பிலையை எடுத்தார். முடியில் விரலை வைத்து முகர்ந்து பார்த்தார். திரும்பி வந்து மற்ற இருவரோடு ரொம்ப நேரம் பேசினார். அத்தனை நேரமும் நான் படுத்தே கிடந்தேன். எழுந்திருக்க யாரும் சொல்லவில்லை.

கடைசியில் சொன்னார்: "இது கடைக் கலர் இல்ல. மஞ்சள். எங்க கல்யாணத்தில பொண்ணுக்கு எண்ணெயும் மஞ்சளும் பூசறது அவ வீட்டு ஆளுங்க. வெளி ஆள் கலர் போட்டாத்தான் குத்தம்." அப்புறம் சோனாமணியிடம் திரும்பினார். "நீ சொல்லு. இந்த ஆள் உனக்கு யாரு?"

அவள் முந்தானையைப் பிழிந்துகொண்டே நின்றாள். கோபம் இருந்தது. இருக்கத்தானே செய்யும். எனக்கு அந்த நேரம் எங்கள் பட்டறையில் முப்பது வருஷம் கழித்ததை விட நீளமாக இருந்தது.

"டெங்கு வந்து படுத்தப்போ, ஒம்பது நாள் மாடிக்குக் கஞ்சி தூக்கிட்டு வந்தவர்" என்றாள். "குழாயை மட்டும் இன்னும் சரி பண்ணலை."

அப்புறம் பெருமூச்சு விட்டுச் சொன்னாள்: "வீட்டு ஆள்தான்."

தீர்ப்பு உடனே வந்தது. ஒன்று, இந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரை நானே சுமக்க வேண்டும், இந்த வருஷம் மட்டும் இல்லை, பாஹா நடக்கிற ஒவ்வொரு வருஷமும். இரண்டு, யாரும் தொடுவதற்கு முன்னால் எல்லார் கண் முன்னாலும் அதில் ஒரு டம்ளர் நான் குடித்துக் காட்ட வேண்டும். மூன்று, காகு முறை ஆகிவிட்டதால், சோனாமணி மேல் நான் இனி ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெளிக்கக் கூடாது. வீட்டு ஆளுக்கு உரிமை குறைவு, வேலை அதிகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

'ஒவ்வொரு வருஷமும்' என்று அவர் சொன்னதை முதலில் புரிந்துகொண்டவன் சாகேன். ஓடிப்போய் மத்தளத்தை எடுத்தான்.

குழாயில் சாயங்காலம்தான் தண்ணீர் வரும். எங்கள் வீட்டுத் தொட்டியிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தேன். தொட்டி தீர்ந்ததும், சங்கு ஊதிய மாசிமா தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். ("நான் ஏதோ கல்யாணம்னு நினைச்சேன்ப்பா" என்று வாளிக்கு வாளி சொன்னார்.) விசாலத்தின் பொங்கல் பானை, அண்டா எல்லாம் நிரம்பின. ஒரு டம்ளர் முகந்து குடித்தேன். வெறும் தண்ணீர் அவ்வளவு இனிப்பாக இருந்ததில்லை. பிள்ளைகள் கத்திக்கொண்டு பாய்ந்தார்கள். விசாலத்துக்குப் பெண்கள் எல்லாரும் அண்ணி முறை வைத்து, கணக்குப் பார்க்காமல் ஊற்றினார்கள். அவள் தலையில் சாலப் பூ இருந்தது.

மாடிக் குழாயை மறுநாளே சரி பண்ணினேன்.

இரண்டு வருஷம் கழித்துச் சோனாமணிக்கும் சாகேனுக்கும் அவர்கள் ஊரில் கல்யாணம். குடும்பத்தோடு போயிருந்தோம். எண்ணெய் மஞ்சள் பூசுகிற நேரத்தில், நான் ஜாக்கிரதையாகக் கூட்டத்துக்குக் கடைசியில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அதே பூசாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மஞ்சள் கிண்ணத்தை என் முன்னால் நீட்டினார்.

"மத்ராஸி, இப்பப் போடு."

பின்னால் கட்டிய கையை நான் எடுக்கவில்லை. விசாலம் பின்னாலிருந்து சொன்னாள்: "பயப்படாமப் பூசுங்க. கிண்ணத்தை நான் பார்த்துட்டேன், சுண்ணாம்பு இல்ல."

சோனாமணி சிரித்துக்கொண்டே கன்னத்தைக் காட்டினாள். அவளுக்கு ஒரு விரல் மஞ்சள் பூசினேன். எனக்கு இந்தக் குடும்பத்தைக் கொடுத்த தெய்வம், எங்கள் மாரியோ அவர்கள் ஆயோவோ, யாராக இருந்தாலும் சரி, அங்கேயே நின்று கும்பிட்டேன். குறை எதுவும் பார்க்கவில்லை.

பாஹா எங்கள் தெருக்கோடியில் இன்னும் நடக்கிறது. தண்ணீர் இன்னும் நான்தான். முதல் டம்ளரை நான் தூக்கும்போது, "காகு, அடி வரைக்கும் குடிங்க" என்று இருநூறு பேர் கத்துகிறார்கள். இந்தக் கட்டுரையில் எழுத்துப் பிழை திருத்தியது கயல்.

சோனாமணியின் மகளுக்கு இப்போது மூன்று வயது. மூன்று மொழியும் கலந்து பேசுகிறாள். எங்கள் வீட்டுக்கு வந்தால், நான் எந்தத் தண்ணீரைக் கொடுத்தாலும் முதலில் டம்ளருக்குள் எட்டிப் பார்ப்பாள். அப்புறம் அதை என் பக்கம் தள்ளுவாள். நான் ஒரு வாய் குடித்துக் காட்டினால்தான் அவள் குடிப்பாள்.